குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கு: வக்கீல் தேடப் போகிறவர்களுக்கு

என் தங்கைக்காக நான் முதலில் பிடித்த வக்கீல், நிலத் தகராறில் எங்கள் வட்டாரத்திலேயே பெயர் எடுத்தவர். அப்பாவின் பங்காளி வழக்கை எட்டு வருடம் நடத்தி முடித்துக் கொடுத்தவர். அதனால் வேறு யாரையும் யோசிக்கவே இல்லை. தங்கை திருநெல்வேலிக்கு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுடைய ஆறு வயது மகள் கோயம்புத்தூரில் கணவர் வீட்டில் இருந்தாள். குழந்தையைக் கேட்டு நெல்லையிலேயே மனுப் போட்டார் அந்த வக்கீல். மனு திரும்பி வந்தது. எதையோ திருத்தி மறுபடி போட்டார். மறுபடியும் திரும்பியது. ஐந்து மாதம் கழித்துத்தான் காரணம் எங்களுக்கு விளங்கியது: குழந்தையின் பொறுப்பை மட்டும் கேட்டுப் போடும் மனுவை, அந்தக் குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். தாய் எங்கே இருக்கிறாள் என்பது அங்கே கணக்கில் வராது. குடும்ப வழக்கு நடத்துகிற எந்த ஜூனியரும் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

அந்த ஐந்து மாதத்தில் குழந்தை ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். புது வேன், புது டீச்சர், புதுத் தோழிகள். அம்மாவிடம் போனில் பேசவே கூச்சப்பட ஆரம்பித்திருந்தாள்.

நான் வக்கீல் அல்ல. மூன்று ஆண்டுகள் குடும்ப நீதிமன்ற வராந்தாவில் கால் கடுக்க நின்றவன். தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் குழந்தைக்கான வழக்கை முதன்முறையாகத் தொடங்கப்போகும் தாய்க்கோ தந்தைக்கோ, அவர்களுடன் துணைக்குப் போகும் அண்ணன் தம்பிக்கோ, எனக்கு அன்று யாரும் சொல்லாததைச் சொல்கிறேன்.

முதலில் ஊரைத் தீர்மானியுங்கள், பிறகு வக்கீலை

வக்கீல் தேடுவதற்கு முன் உங்கள் வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போகும் என்று தோராயமாகவாவது தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு வழிகள் பொதுவாக உண்டு.

குழந்தையை மட்டும் கேட்பதானால், 1890ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின்கீழ் (காப்பாளர் சட்டம்) மனு. நீதிமன்றத்தில் இதை ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள். அதன் 9ஆம் பிரிவுதான் எங்களைக் கவிழ்த்தது: குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊர்.

விவாகரத்தோ சேர்ந்து வாழும் கோரிக்கையோ ஏற்கெனவே நடக்கிறது, அல்லது தொடங்கப்போகிறது என்றால் கதை வேறு. இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி அந்த வழக்குக்குள்ளேயே குழந்தையின் பொறுப்பு, படிப்பு, செலவு ஆகியவற்றுக்கு உத்தரவு கேட்கலாம். மனைவி மனுதாரராக இருந்தால், அவர் வசிக்கும் ஊரிலேயே அந்த வழக்கைத் தொடரலாம். 2003இல் செய்த திருத்தம் இந்த வசதியைக் கொடுத்தது. எங்கள் நில வழக்கு வக்கீல் இந்த இரண்டாவது வழியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கை விவாகரத்து கேட்டிருப்பாளா என்பது வேறு விஷயம். இப்படி ஒரு வழி உண்டு என்பதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போகிறவர்கள், 21ஆம் பிரிவின்படி குழந்தையைத் தற்காலிகமாகத் தங்களிடம் ஒப்படைக்கக் கேட்கலாம்.

குடும்ப நீதிமன்றம் இருக்கும் ஊர்களில் முதல் இரண்டு வகை வழக்குகளும் அங்கேதான். இல்லாத ஊர்களில் கார்டியன் மனு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். சென்னையில் முன்பெல்லாம் உயர் நீதிமன்றத்திலேயே நேரடியாகக் கார்டியன் மனுப் போடும் பழக்கம் இருந்தது. 2022இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அது குடும்ப நீதிமன்றத்துக்கே உரியது என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. இன்றும் "நேரே ஹைகோர்ட்டில் ஓ.பி. போட்டுவிடலாம்" என்று ஒருவர் சொன்னால், அவர் இந்தத் துறையில் எவ்வளவு நாளாகத் தூங்குகிறார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஊர் தெரிந்ததும் அந்த ஊரில் வழக்காடும் வக்கீலைத் தேடுங்கள், உங்கள் தெருவில் இருப்பவரை அல்ல. குடும்ப நீதிமன்றத்தில் மாதத்துக்கு ஒன்றிரண்டு வாய்தா வரும். கவுன்சலிங், சமரசப் பேச்சு, குழந்தையைப் பார்க்கும் நாள் என்று இடையிடையே வேறு அழைப்புகளும் வரும். நெல்லை வக்கீல் ஒவ்வொரு முறையும் கோவைக்கு வரப்போவதில்லை. உள்ளூர் நண்பர் ஒருவரை நிற்கச் சொல்லிவிடுவார். அந்த நண்பருக்கு உங்கள் குழந்தையின் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

ஒரு ராத்திரி வேலை

யாரையும் பார்க்கப் போவதற்கு முன்னால் இரண்டு பக்கத்தில் தேதி வாரியாக எழுதுங்கள். கல்யாணம், குழந்தை பிறந்தது, எந்த வீட்டில் எத்தனை நாள், எந்தப் பள்ளி, பிரிந்தது, கடைசியாகக் குழந்தையைப் பார்த்தது. உணர்ச்சிகளைத் தனித் தாளில் எழுதிக்கொள்ளலாம். அதைக் கொடுக்க வேண்டாம்.

அதோடு பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பள்ளிக் கட்டண ரசீதுகள், டைரி, டாக்டர் சீட்டுகள், திருமணப் பதிவுச் சான்று அல்லது பத்திரிகை. தடுப்பூசி அட்டையை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. காய்ச்சலும் ஊசியுமாக இருந்த இரவுகளில் குழந்தையின் பக்கத்தில் இருந்தது யார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வீட்டில் கிடைக்காது. வாட்ஸ்ஆப் உரையாடல்களை அழிக்காதீர்கள், உங்களுக்கு வெட்கம் தருகிறவற்றையும்தான். அவற்றின் நகல் எதிர்தரப்பிடமும் இருக்கிறது.

வக்கீலிடம் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். அசல் உங்கள் பீரோவில் இருக்கட்டும்.

பெயர்களை எங்கே சேகரிப்பது

இந்தியாவில் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதை, அவர்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் பார் கவுன்சிலின் விதிகள் தடுக்கின்றன. "குடும்ப வழக்கு நிபுணர்" என்று சான்றளிக்கும் அமைப்பு எதுவும் இங்கே இல்லை. பலகையில் "பிரபல" என்று போட்டிருந்தால், அந்தப் பட்டத்தைப் பலகை எழுதியவர்தான் கொடுத்திருப்பார். இணையத்தில் தேடினால் நட்சத்திரம் போட்டு வரிசைப்படுத்திய பட்டியல்கள் வரும். இப்படிப்பட்ட தளங்கள் மூலம் வேலை பிடிக்கும் வழக்கறிஞர்கள்மீது நடவடிக்கை எடுக்க மாநிலப் பார் கவுன்சில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பும்படி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்திய பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. ஆகவே அந்த நட்சத்திரங்களை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

எனக்குப் பயன்பட்ட வழி பழையது. குடும்ப நீதிமன்றம் இருக்கும் வளாகத்துக்கு ஒரு நாள் காலை பத்து மணிக்குப் போய் வராந்தாவில் உட்கார்ந்தேன். வழக்கின் உள்விசாரணையைப் பார்க்க முடியாமல் போகலாம். குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி ஒரு தரப்பு கேட்டாலே விசாரணை மூடிய அறையில் நடக்கும். ஆனால் வராந்தா எல்லோருக்கும் பொது. எந்த வக்கீல் தன் கட்சிக்காரரோடு நின்று பேசுகிறார், எவர் பெயர் கூப்பிடும்போது ஓடிவருகிறார், எவருடைய ஜூனியர் "சார் வேறு கோர்ட்டில் இருக்கிறார், வாய்தா கொடுங்கள்" என்று மட்டும் சொல்லப் பழகியிருக்கிறார் என்பதெல்லாம் இரண்டு நாளில் தெரிந்துவிடும். அங்கே காத்திருக்கும் தாய்மார்களிடம் பேசுங்கள். அவர்களைவிட நேர்மையான விமர்சகர்கள் கிடையாது. டீக்கடையும் ஜெராக்ஸ் கடையும் அடுத்த இடம். எனக்கு ஒரு பெயரைச் சொன்னவர் டைப்பிங் கடைக்காரர். "அந்த அம்மா போடும் மனு ரிட்டர்ன் ஆகி நான் பார்த்ததில்லை" என்றார்.

உங்களுக்குத் தெரிந்த வேறு துறை வக்கீல் இருந்தால் அவரிடமும் கேளுங்கள். கேள்வி மட்டும் சரியாக இருக்க வேண்டும். "நல்ல வக்கீல் யார்?" என்றால் நண்பர் பெயர் வரும். "உங்கள் தங்கைக்கு இந்த நிலை வந்தால் யாரிடம் போவீர்கள்?" என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு வேறு பெயர் வரும்.

மூன்று பெயர் போதும். ஏழு பேரைப் பார்த்தால் ஏழு கருத்துகள் வரும், தூக்கம் போகும்.

சரிபார்ப்பது

ஒவ்வொரு வழக்கறிஞருக்கும் பார் கவுன்சில் பதிவு எண் உண்டு. தமிழ்நாடு, புதுச்சேரிக்குச் சேர்த்து ஒரே பார் கவுன்சில். அதன் அலுவலகம் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. எண்ணின் முடிவில் பதிவான ஆண்டு இருக்கும். கேட்டால் கோபித்துக்கொள்பவரிடம் வேறு எதையும் கேட்க வேண்டாம், எழுந்து வந்துவிடலாம்.

அடுத்தது நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் இணையதளம் அல்லது அதன் செயலி. பலரும் தங்கள் வாய்தா தேதி பார்க்க மட்டுமே அதைத் திறக்கிறார்கள். அதில் வழக்கறிஞர் பெயரை வைத்துத் தேடும் வசதியும் இருக்கிறது. மாவட்டத்தையும் நீதிமன்றத்தையும் தேர்ந்தெடுத்துப் பெயரைப் போட்டால் அவர் நடத்தும் வழக்குகள் வரிசையாக வரும். எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள், வகையைப் பாருங்கள். எல்லாமே செக் மோசடி, வாடகை வழக்கு என்றால் அவர் உங்கள் ஆள் இல்லை. எச்.எம்.ஓ.பி. (இந்து திருமணச் சட்ட மனு), ஜி.டபிள்யூ.ஓ.பி. என்று வருகின்றனவா, அவற்றில் முடிந்தவை எத்தனை, எல்லாம் சமரசத்திலும் எக்ஸ்பார்ட்டியிலும் (எதிர்தரப்பு வராமலே தீர்ப்பாவது) முடிந்தவையா, சாட்சி விசாரணை வரை போனதும் உண்டா என்று பாருங்கள். பெயர் எழுத்து மாறிப் பதிவாகும் குளறுபடி உண்டு. ஆகவே இதைக் கடைசித் தீர்ப்பாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

"சீனியர் அட்வகேட்" என்ற சொல்லில் ஒரு குழப்பம் இருக்கிறது. வயதில் மூத்த வக்கீலை நாம் சீனியர் என்கிறோம். நீதிமன்றம் சீனியர் அட்வகேட் என்று அறிவித்தவர் வேறு. அவர் கட்சிக்காரரிடமிருந்து நேரடியாக வக்காலத்து (வழக்கை நடத்த வக்கீலுக்குத் தரும் அதிகாரப் பத்திரம்) வாங்கக் கூடாது, இன்னொரு வழக்கறிஞர் மூலம்தான் ஆஜராவார். கீழ் நீதிமன்றக் குழந்தை வழக்குக்கு அவர் பொதுவாகத் தேவைப்பட மாட்டார்.

முதல் சந்திப்பு

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நாங்கள் பார்த்த மூவரில் முதலாமவர் கேட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம்?" இரண்டாமவர், "வேறு பெண் தொடர்பு ஏதாவது இருக்கிறதா?" என்றார். மூன்றாமவர், டைப்பிங் கடைக்காரர் சொன்ன அந்த அம்மா, தங்கையைப் பார்த்துக் கேட்டது: "குழந்தைக்கு ராத்திரி யார் பக்கத்தில் படுத்தால் தூக்கம் வரும்?" தங்கை அழுதுவிட்டாள். அவர் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டு அடுத்ததைக் கேட்டார்: ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டது யார், வீட்டுப்பாடம் யார் சொல்லிக்கொடுத்தது, இப்போது யார், தாத்தா பாட்டி எப்படிப்பட்டவர்கள், குழந்தைக்கு அவர்களைப் பிடிக்குமா. கடைசிக் கேள்விக்குத் தங்கை தயங்கி "பிடிக்கும்" என்றாள். "அதை மறைக்காமல் மனுவிலேயே எழுதுவோம்" என்றார் அந்த அம்மா.

அப்போது எனக்கு அது விளங்கவில்லை, கோபம்தான் வந்தது. பிறகு விளங்கியது. இந்த வழக்கில் நீதிபதி கணவன் மனைவியில் யார் நல்லவர் என்று பார்ப்பதில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 13ஆம் பிரிவு, குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. மற்ற மதத்தினருக்குத் தனிச் சட்டங்களின் விதிகள் வேறாக இருந்தாலும், நீதிமன்றம் கடைசியில் வந்து நிற்கும் இடம் அதுதான். 1973இல் ரோஸி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம், குழந்தைகள் பெற்றோரின் உடைமைப் பொருளோ விளையாட்டுப் பொம்மையோ அல்ல என்றது. அந்த வழக்கே சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனதுதான். ஆகவே மனு முழுக்கக் கணவரைத் திட்டி எழுதும் வக்கீல், வழக்குக்கு வெளியே நின்று சிலம்பம் சுற்றுகிறார்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளும் இருக்கின்றன. மிக முக்கியமானது: "பிரதான மனுவோடு இடைக்கால மனுவும் போடுவீர்களா, அதில் என்ன கேட்பீர்கள்?" பிரதான வழக்கு முடிய ஆண்டுகள் ஆகலாம். அதுவரை குழந்தை எங்கே இருக்கிறதோ அந்த இடம் அதற்குப் பழகிவிடும்; பழகிய இடத்திலிருந்து பிடுங்க நீதிபதிகள் யோசிப்பார்கள். காலம் போகப் போக, குழந்தையை வைத்திருப்பவரின் கை ஓங்கும். 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இடைக்கால உத்தரவுக்கு வழி தருகிறது. வாரம் ஒரு நாள் சந்திப்பு, தினமும் வீடியோ அழைப்பு, பாதிக் கோடை விடுமுறை என்று தெளிவாகக் கேட்க வேண்டும். குழந்தை ஒருவரிடம் இருக்கும்போது மற்றவருக்குப் போதிய சந்திப்பு நேரமும், முடிந்தால் வீடியோ அழைப்பும் வேண்டும் என்று 2020இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொல்லியிருக்கிறது. இதைப் பற்றிப் பேச்செடுத்ததும் உங்கள் வக்கீல் முகம் மலர்ந்தால் நல்லது.

இரண்டாவது: "என் வழக்கில் பலவீனம் எது?" பலவீனமே இல்லை என்பவர் உங்கள் கதையைக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது: "கோர்ட்டில் நீங்கள் நிற்பீர்களா, ஜூனியரா?" ஜூனியர் என்பது குற்றமில்லை. யார் என்று தெரிய வேண்டும், அவரையும் அன்றே பார்த்துவிட வேண்டும். குறுக்கு விசாரணை யார் செய்வார் என்று தனியாகக் கேளுங்கள்.

சமரசத்தைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்றும் கேளுங்கள். குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, முதலில் சமரசத்துக்கு முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாக்கியிருக்கிறது. அதை வெறும் சடங்கு என்று உதறுகிறவரும் வேண்டாம், எதற்கெடுத்தாலும் "விட்டுக்கொடுத்துப் போங்கள் அம்மா" என்கிறவரும் வேண்டாம்.

"5 வயதுவரை குழந்தை தாய்க்குத்தான்" என்று ஊரே சொல்லும். அந்த 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருப்பது, 5 வயது முடியாத குழந்தை "சாதாரணமாக" தாயிடம் இருக்க வேண்டும் என்பது. அந்தச் சொல்லுக்குள் விதிவிலக்குகளும் அடக்கம். அதேபோல 5 முடிந்துவிட்டால் தந்தைக்குத்தான் என்பதும் தவறு. இதைப் படிக்கும் தந்தையருக்கும் இதே கதைதான்: சட்டம் தந்தைக்குத் தரும் இயற்கைக் காப்பாளர் என்ற பட்டம் குழந்தையைத் தானாகக் கொண்டுவந்து தராது. 1999இல் கீதா ஹரிஹரன் வழக்குக்குப் பின், தந்தை உயிரோடு இருக்கும்போதே தாயும் காப்பாளராக இயங்க வழி ஏற்பட்டுவிட்டது. சம்பளம் குறைவு என்பதால் மட்டும் தாய்க்குக் குழந்தை மறுக்கப்படாது. செலவைத் தந்தை தரும்படி உத்தரவிட முடியும். இந்த மூன்றையும் குழப்பாமல் விளக்க முடிகிறதா என்று பாருங்கள்.

பெண் வக்கீல்தான் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். தங்கைக்குச் சில விஷயங்களைப் பெண்ணிடம் சொல்வது சுலபமாக இருந்தது. அவ்வளவுதான், அதற்குமேல் அதில் வித்தியாசம் ஒன்றையும் நான் காணவில்லை.

எழுந்து வந்துவிட வேண்டிய இடங்கள்

"ஜட்ஜ் நமக்குத் தெரிந்தவர்." எழுந்துவிடுங்கள்.

"நூற்றுக்கு நூறு ஜெயம்." அதே.

"ஜீவனாம்சம், நகை திரும்ப வந்தால் அதில் இத்தனை சதவீதம் கொடுங்கள்." வழக்கின் முடிவில் பங்கு பேசுவதைப் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன.

"இந்த வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு வையுங்கள், டைப் செய்துகொள்கிறோம்." மனுவோடு போகும் பிரமாணப் பத்திரம் உங்கள் வாக்குமூலம். மூன்று வருடம் கழித்துக் கூண்டில் நிற்கும்போது அதில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமானது, இல்லாத ஒரு புகாரைக் குழந்தையின் பெயரில் ஜோடிக்கச் சொல்வது. எங்களிடமும் ஒருவர் அரைகுறையாகச் சொன்னார், குழந்தையிடம் இப்படிச் சொல்லச் சொல்லுங்கள் என்று. விவரம் புரியும் வயதுக் குழந்தையின் விருப்பத்தை நீதிபதி தன் அறையில் தனியாகக் கேட்கக்கூடும். சொல்லிக்கொடுத்த வாசகம் அங்கே இரண்டாவது கேள்வியில் உடைந்துவிடும். உடைந்தபின் வழக்கு போவது மட்டுமல்ல, குழந்தைக்கு உங்கள்மேல் இருக்கும் நம்பிக்கையும் போகும். உண்மையிலேயே குழந்தைக்கு ஆபத்து இருந்தால் அது வேறு. அன்றைக்கே குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள், வக்கீல் தேடுவதை அடுத்த நாள் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: ஆட்கொணர்வு மனு (ஒருவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்பது) போட்டு ஒரே வாரத்தில் குழந்தையைக் கொண்டுவந்துவிடலாம் என்று ஆசை காட்டுபவர்கள். சில சூழ்நிலைகளில் அது சரியான வழிதான். ஆனால் சட்ட உரிமை இல்லாத ஒருவரின் பிடியில் குழந்தை இருக்கும்போதே அது எடுபடும் என்று 2019இல் தேஜஸ்வினி கௌட் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. உங்கள் வழக்கு அந்த வகைதானா என்று விளக்கச் சொல்லுங்கள்.

குழந்தை வெளிநாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டது, அல்லது வெளிநாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டது என்றால் இந்தக் கட்டுரை போதாது. பிள்ளைக் கடத்தல் குறித்த 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. உயர் நீதிமன்றத்தில் அத்தகைய வழக்கை நடத்திய அனுபவம் உள்ளவரை மட்டும் பாருங்கள்.

பணம்

வெட்கப்படாமல் முதல் நாளே பேசுங்கள். மொத்தமாக ஒரு தொகையா, வாய்தாவுக்கு இவ்வளவா, இடைக்கால மனுக்களுக்குத் தனியா, டைப்பிங், நகல், குமாஸ்தா செலவு யார் தலையில், மேல்முறையீடு இதில் சேர்த்தியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீதிமன்றக் கட்டணம் இந்த வழக்குகளில் சிறியதுதான். பெரிய தொகையைச் சொல்லி "கோர்ட் ஃபீஸ்" என்றால் ரசீது கேளுங்கள். முடிந்தவரை வங்கி வழியாகக் கொடுங்கள். வாய்தா வாரியாகப் பணம் வாங்குபவருக்கு வாய்தா கூடக் கூட வருமானம் என்பதையும் ஓரமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை.

பணம் இல்லை என்றால் வழக்கே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. மற்ற ஆண்களுக்குப் பொதுவாக வருமானம் குறிப்பிட்ட வரம்புக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அங்கே நேரில் போய் விண்ணப்பிக்கலாம், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். ஆணைக்குழு அமர்த்தும் வக்கீலுக்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அவர் கேட்டால் அங்கேயே எழுதிக் கொடுங்கள். இலவசம் என்பதால் மட்டம் என்ற பேச்சை நான் நம்புவதில்லை. வராந்தாவில் நான் பார்த்ததில், தவறாமல் வந்து நின்றவர்களில் இருவர் இந்த ஆணைக்குழு வக்கீல்கள்.

வக்காலத்தில் கையெழுத்துப் போட்டபின்

குடும்ப நீதிமன்றத்தில் ஒரு விசித்திரம் உண்டு. குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, வக்கீல் வைத்துக்கொள்வது அங்கே உரிமையாகக் கிடைப்பதில்லை. நீதிமன்றத்தின் அனுமதியோடுதான் அவர் ஆஜராவார். அதற்கு ஒரு மனு வக்காலத்தோடு சேர்ந்து போகும். வழக்கமாக அனுமதி கிடைத்துவிடும். ஆனால் நீதிபதி உங்களைத்தான் நேராகப் பார்த்துப் பேசுவார், கவுன்சலர் அறைக்குள் நீங்கள் மட்டும் போவீர்கள். வக்கீலிடம் விட்டுவிட்டு வீட்டில் இருக்கலாம் என்ற வசதி இங்கே கிடையாது. அதனால்தான் முதல் சந்திப்பில் அவர் விளக்கிச் சொல்கிறவரா என்று பார்க்கச் சொன்னேன்.

மனு ஆங்கிலத்தில் இருந்தால், தமிழில் வரி வரியாகப் படித்துச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். தங்கையின் மனுவில் குழந்தையின் பிறந்த தேதியே தவறாக இருந்தது. படிக்கச் சொன்னதால் கிடைத்தது. தாக்கலாகும் ஒவ்வொரு தாளின் நகலும் உங்கள் கோப்பில் இருக்கட்டும். வழக்குக்கு எண் ஆனதும் சி.என்.ஆர். என்ற 16 இலக்கத் தனி அடையாள எண்ணைக் கேட்டு வாங்கிச் செயலியில் போட்டுவையுங்கள். வாய்தா தேதிக்காகக் குமாஸ்தாவுக்குப் போன் போட்டுக் கெஞ்ச வேண்டியிருக்காது.

குடும்ப நீதிமன்றத்தின் இறுதி உத்தரவு பிடிக்கவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். கோவை வழக்கு சென்னைக்குப் போகும், நெல்லை வழக்கு மதுரைக் கிளைக்கு. சான்றிட்ட நகலுக்கு அன்றைக்கே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். சூழ்நிலை மாறினால் பிற்பாடு மறுபடியும் நீதிமன்றத்தை அணுகலாம். குழந்தை விஷயத்தில் எந்த உத்தரவும் கல்வெட்டு அல்ல.

ஒத்துவரவில்லை என்றால்

முதல் வக்கீலை மாற்ற நாங்கள் இரண்டு மாதம் தயங்கினோம். அப்பாவின் வழக்கை நடத்தியவர், ஊர்க்காரர், முகத்தை எப்படிப் பார்ப்பது என்று. அந்தத் தயக்கத்துக்கும் குழந்தைதான் விலை கொடுத்தாள்.

நேரில் போய், மரியாதையாகச் சொல்லி, மாற்று வக்காலத்துக்கு ஆட்சேபம் இல்லை என்ற அவருடைய ஒப்புதலை வாங்குங்கள். தரவேண்டிய பாக்கி இருந்தால் பேசித் தீர்த்துவிடுவது நல்லது. பாக்கிக்காக வழக்குக் காகிதக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்று 2000ஆம் ஆண்டில் ஆர்.டி.சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒப்புதல் தர மறுத்தால் நீதிமன்ற அனுமதியோடு மாற்றிக்கொள்ளலாம். தொழில்முறைத் தவறு என்று சொல்லும் அளவுக்கு ஏதாவது நடந்திருந்தால், 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் 35ஆம் பிரிவின்கீழ் மாநிலப் பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். நாங்கள் செய்யவில்லை. அவருக்குத் தெரியாத வேலையை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

புது வக்கீலிடம் கட்டைக் கொடுக்கும் அன்று, மேல் அட்டையில் அடுத்த வாய்தா தேதியைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். வக்கீல் மாறும் சமயத்தில்தான் வாய்தா தவறும், வாய்தா தவறினால் நீங்கள் போட்ட மனு தள்ளுபடி ஆகலாம், எதிர்த்து நிற்கும் வழக்கு என்றால் எக்ஸ்பார்ட்டி ஆகலாம்.